முதல் மார்க் மட்டும் போதாது: ஆம்புலன்ஸ் பயிற்சியில் 'சிறந்த மாணவர்' யார்?

சிக்னலில் நிற்கும்போது பின்னாடி சைரன் சத்தம் கேட்டா, வண்டியை ஓரம் கட்டி வழி விடுறீங்க. ஆம்புலன்ஸ் கடந்து போயிடுது. நீங்களும் உங்க வேலையைப் பார்க்கக் கிளம்பிடுறீங்க. அந்த வண்டிக்குள்ளே நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா?

அவர் டாக்டர் இல்லை. பல நேரங்களில் உங்க தம்பி, தங்கை வயசுள்ள ஒருவர். 108 சேவையில் அவருக்கு 'மருத்துவ உதவியாளர்' என்று பெயர். சுருக்கமாக இ.எம்.டி. என்பார்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய இந்தச் சேவையில், நீங்கள் அழைத்த பிறகு மருத்துவமனை வாசல் வரை நோயாளியின் உயிர் இவர் கையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 2-ம் தேதி இந்த மருத்துவ உதவியாளர்களுக்கான தினம் கொண்டாடப்படுகிறது. சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்குச் சான்றிதழ், கேடயம் எல்லாம் கொடுக்கிறார்கள். இதுபோன்ற அவசர மருத்துவப் பயிற்சி எங்கே நடந்தாலும், கடைசி நாளில் 'இந்த பேட்ச்சில் சிறந்த மாணவர் யார்?' என்ற கேள்வி வரும்.

'அது அவங்க வகுப்பு விஷயம், நமக்கென்ன?' என்று தோணலாம். ஆனால் யாருக்குக் கைதட்டுகிறோமோ, அவரைப் போல ஆகத்தான் அடுத்த பேட்ச் முயற்சி செய்யும். அந்த பேட்ச்சில் ஒருவர் நாளைக்கு உங்க வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அதனால் இது உங்க விஷயமும்தான்.

பயிற்சியில் என்ன கத்துக்கறாங்க?

தமிழ்நாட்டில் 108 மருத்துவ உதவியாளர் வேலைக்குத் தேர்வாகிறவர்களுக்குச் சுமார் 50 நாள் பயிற்சி தரப்படுகிறது. வகுப்பறை, மருத்துவமனை, ஓடும் ஆம்புலன்ஸ் என்று மூன்று இடங்களில் இது நடக்கும்.

வகுப்பறையில் உடலமைப்பு, மூச்சு, ரத்த ஓட்டம், விஷம், தீக்காயம், பிரசவம் பற்றிய பாடங்கள். பக்கத்திலேயே பொம்மையை வைத்துச் செய்முறை. பெரியவர்களுக்கு சிபிஆர் செய்யும்போது நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். குறைந்தது 5 செ.மீ. ஆழம் போக வேண்டும், 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கேட்க எளிதாக இருக்கும். இரண்டு நிமிடம் விடாமல் செய்து பாருங்க, கை கெஞ்சும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று பாடத்திலேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

மருத்துவமனைப் பயிற்சியில் உண்மையான நோயாளிகளைப் பார்க்கிறார்கள். பொம்மை வலியில் கத்தாது, நோயாளி கத்துவார். பொம்மைக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, நோயாளியைச் சுற்றி பத்து பேர் நிற்பார்கள். புத்தகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய சிலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடைசி பெஞ்சில் இருந்த சிலர் திடீரென்று மின்னுவதும் இங்கேதான்.

நிறைய மார்க், ஆனாலும் ஃபெயில்!

ஒரு செய்முறைத் தேர்வைக் கற்பனை செய்து பாருங்க. 'பைக் விபத்து. ஒருவர் சாலையில் கிடக்கிறார். சிகிச்சை கொடுங்கள்' என்கிறார் தேர்வாளர்.

முதல் மாணவர் ஓடுகிறார். மூச்சு, நாடி பார்க்கிறார், கழுத்தை அசையாமல் பிடிக்கச் சொல்கிறார், ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்துகிறார். எல்லாமே சரி.

இரண்டாம் மாணவர் ஓடவில்லை. கையுறை போடுகிறார். சுற்றிலும் பார்க்கிறார். 'வாகனங்கள் வருகின்றனவா? பெட்ரோல் கசிகிறதா? மின்கம்பி அறுந்து கிடக்கிறதா? காயம்பட்டவர் ஒருவர்தானா, வேறு யாரும் தூக்கி வீசப்பட்டிருக்கிறார்களா?' இத்தனையும் கேட்டபிறகுதான் நோயாளியிடம் போகிறார். பிறகு முதல் மாணவர் செய்ததையே செய்கிறார்.

பார்ப்பவர்களுக்கு முதல் மாணவர்தான் 'செம ஸ்பீடு' என்று தோன்றும். ஆனால் தேர்வில் அவர் தோற்றுவிடுவார். அமெரிக்காவில் 1970-ல் தொடங்கப்பட்ட, அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவேட்டு அமைப்பு வடிவமைத்த செய்முறைத் தேர்வுத் தாள்களில், மதிப்பெண் கட்டங்களுக்குக் கீழே தனியாக ஒரு பட்டியல் இருக்கும். கையுறை போன்ற தற்காப்பு எடுக்காதது, இடம் பாதுகாப்பானதா என்று பார்க்காதது, ஆபத்தான நிலையில் உள்ளவரைப் பத்து நிமிடத்துக்குள் கிளப்ப முயலாதது போன்ற பிழைகள் அதில் வரும். இவற்றில் ஒன்றைச் செய்தாலும், மற்ற கட்டங்களில் எவ்வளவு மார்க் இருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

கொடூரமாகத் தெரிகிறதா? காரணம் எளிது. சாலை நடுவில் உதவியாளரும் அடிபட்டுவிட்டால், ஒரு நோயாளிக்குப் பதில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். உதவி செய்ய ஆள் இருக்காது.

ஆக, மொத்த மார்க்கை மட்டும் கூட்டிப் பார்த்தால் சிறந்த மாணவரைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு எதைப் பார்க்க வேண்டும்? நான்கு விஷயங்கள் முக்கியம்.

1. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பவர்

காலையில் பெரியவர் ஒருவருக்கு வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் போகிறது. பக்கவாதமாக இருக்கலாம் என்று எல்லா மாணவர்களுக்கும் தெரிந்துவிடும். நல்ல மாணவர் வீட்டாரிடம் இன்னொன்று கேட்பார்: 'அம்மா, ஐயா கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?'

இந்த ஒரு கேள்வியில் சிகிச்சையே அடங்கியிருக்கிறது. ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை, தகுதியுள்ள பக்கவாத நோயாளிகளுக்குப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. மருத்துவமனைக்குப் போனபிறகு இதைக் கேட்கலாம் என்றால், பதில் தெரிந்த மருமகள் வீட்டிலேயே இருந்திருப்பார்.

2. முன்முடிவு இல்லாதவர்

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். பேச்சு குழறுகிறது, உடம்பெல்லாம் வியர்வை. கூட்டம் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியாச்சு: 'குடிச்சிருக்கான் சார், விடுங்க.'

சர்க்கரை அளவு மிகவும் குறைந்துபோனாலும் ஒருவர் இப்படித்தான் தெரிவார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் வைத்தால் சில நொடிகளில் உண்மை தெரிந்துவிடும். கூட்டம் சொன்னதை நம்பாமல் அந்தச் சொட்டு ரத்தத்தை எடுப்பவர்தான் சிறந்த மாணவர். வந்தவர் குடித்தே இருந்தாலும் அவரும் நோயாளிதான் என்று நினைப்பவர் இன்னும் ஒரு படி மேல்.

3. தெரியாததைத் தெரியாது என்பவர்

108 சேவையில் மருத்துவ உதவியாளர் தனியாள் இல்லை. கட்டுப்பாட்டு மையத்தில் மருத்துவர் இருக்கிறார். வண்டியிலிருந்தே போனில் பேசி ஆலோசனை கேட்கலாம். இந்த வசதியை யார் எப்போது பயன்படுத்துகிறார் என்பதே ஒரு பரீட்சைதான். 'கேட்டா என்னைத் தப்பா நினைப்பாங்களோ' என்று தயங்குபவர் ஆபத்தானவர். 'சார், ரத்த அழுத்தம் இறங்கிக்கிட்டே இருக்கு, இதுவரை இதெல்லாம் செஞ்சிருக்கேன், அடுத்து என்ன செய்யட்டும்?' என்று தெளிவாகக் கேட்பவரைப் பயிற்றுநர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் இதில் சேரும். 'ஆக்சிஜன் 10 லிட்டர் வைங்க' என்றால், 'ஆக்சிஜன் 10 லிட்டர், வெச்சாச்சு' என்று பதில் வர வேண்டும். சைரன் சத்தத்தில் பத்து பதினைந்தாகக் கேட்டுவிடாமல் தடுப்பது இந்தச் சின்னப் பழக்கம்தான்.

4. ஒப்படைக்கத் தெரிந்தவர்

மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் வேலை முடியவில்லை. என்ன நடந்தது, என்ன காயம், நாடியும் ரத்த அழுத்தமும் எவ்வளவு, வழியில் என்ன சிகிச்சை கொடுத்தோம் என்ற நான்கையும் ஒரு நிமிடத்துக்குள் அங்கிருக்கும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிறகு எழுதித் தர வேண்டும். வண்டியில் பிரசவம் ஆகியிருந்தால் குழந்தை பிறந்த நேரமும் அதில் இருக்க வேண்டும்.

எழுதுவது பலருக்கும் பிடிக்காத வேலை. நள்ளிரவு இரண்டு மணிக்கு, கை நடுங்கும் களைப்பில் எழுதுவது இன்னும் கஷ்டம். ஆனால் அந்தத் தாளில் விட்டுப்போன ஒரு வரியால், கொடுத்த மருந்தையே மறுபடி கொடுக்கும் நிலை வரலாம். அழகான கையெழுத்து தேவையில்லை. விடுபடாத பதிவுதான் தேவை.

பிழைத்தவரை வைத்து மட்டும் பரிசு தரலாமா?

இதுதான் பாராட்டு விழாக்களில் வரும் கஷ்டமான கேள்வி.

வண்டியிலேயே இரட்டைக் குழந்தை பிறந்து தாயும் சேய்களும் நலம் என்றால் அது செய்தியாகிறது. போட்டோ வருகிறது. அந்த உதவியாளரை மேடைக்கு அழைக்கிறோம். அது நியாயமான பாராட்டுதான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே இரவில் இன்னொரு வண்டியில் இன்னொருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மாரடைத்து இதயம் நின்றுபோன ஒருவருக்கு இருபது நிமிடம் விடாமல் சிபிஆர் செய்தார். ஆழம், வேகம், அதிர்ச்சிக் கருவி, எல்லாம் பாடத்தில் சொன்னபடி. நோயாளி பிழைக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில் பிழைப்பவர்கள் உலகம் முழுக்கவே மிகக் குறைவு. ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். வண்டி வந்து சேர்வதற்குள் அந்த நிமிடங்கள் கரைந்திருக்கும். உதவியாளர் எதையும் தவறாகச் செய்யவில்லை. ஆனாலும் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

முடிவை மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்தால் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, நல்ல கேஸ் யாருக்கு அமைந்தது என்ற அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுக்கிறோம். இரண்டு, சரியாகச் செய்தும் இழப்பைச் சந்தித்தவர் 'நான் தோத்துட்டேன்' என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் மறுபடி 12 மணி நேர ஷிஃப்டுக்கு அவர் வர வேண்டும். இந்த வேலையை விட்டுப் போகிறவர்களைத் தடுக்க வேண்டுமென்றால், இந்த இரண்டாவது தப்பைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

அதனால் பயிற்சிக் காலத்திலேயே செயலைப் பார்த்துப் பாராட்டும் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு செய்முறை முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம்: எது சரியாக நடந்தது, எது தவறியது, அடுத்த முறை என்ன மாற்றுவோம். 'பொம்மை பிழைத்ததா?' என்று கேட்பதைவிட 'படிகள் விடுபடாமல் நடந்ததா?' என்று கேட்பது நல்லது. தன் தவறைத் தானே எழுந்து சொல்லும் மாணவருக்கு அந்த இடத்திலேயே கைதட்டல் கிடைத்தால், அடுத்தவரும் மறைக்க மாட்டார். தவறை மறைக்காத உதவியாளர்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

பரிசு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செய்முறையில் சிறந்தவர், நோயாளியிடம் பேசுவதில் சிறந்தவர், அதிகம் முன்னேறியவர், குழுவைத் தாங்கியவர் என்று பிரிக்கலாம். முதல் வாரத்தில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, கடைசி வாரத்தில் விபத்துப் பிரிவில் தைரியமாக நின்ற மாணவி கடந்த தூரம், முதல் நாளிலிருந்தே முதலிடத்தில் இருந்தவர் கடந்த தூரத்தைவிட அதிகம்.

சக மாணவர்களிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: 'உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா, இந்த பேட்ச்சில் யார் வண்டியில் வரணும்னு நினைப்பீங்க?' 50 நாள் கூடவே இருந்தவர்களுக்குப் பதில் தெரியும். மார்க் பட்டியலில் தெரியாத பல விஷயங்கள் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நீங்க என்ன செய்யலாம்?

நல்ல உதவியாளர் வந்தாலும் நம்ம பங்கு இருக்கு. இதை மனசில் வெச்சுக்குங்க:

• 108-க்கு அழைத்ததும் இடத்தைத் தெளிவா சொல்லுங்க. மாவட்டம், ஊர், தெரு, பக்கத்தில் கோயிலோ பள்ளியோ ஏதாவது அடையாளம். போனில் உள்ள மேப்பைத் திறந்து நீங்க நிற்கும் இடத்தின் பெயரைப் பார்த்தும் சொல்லலாம்.

• கேள்வி கேட்கிறாங்களேன்னு கோபப்பட்டு போனை வைக்காதீங்க. வண்டி வரும் வரை அந்த நம்பர் பிஸியாக இல்லாமல் பார்த்துக்குங்க. ஓட்டுநர் வழி கேட்க அதில்தான் கூப்பிடுவார்.

• ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்க. இரவில் செல்போன் டார்ச்சைக் காட்டச் சொல்லுங்க.

• மூச்சு, அசைவு இல்லாதவருக்கு வண்டி வரும் வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, பலமாக அழுத்துங்க. எப்படி என்று 108-ல் இருப்பவரிடமே கேளுங்க.

• பாம்புக்கடி என்றால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வெச்சிருங்க.

• சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, மருத்துவச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்க. 'கடைசியா எப்போ நல்லா இருந்தார்?' என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

• உதவியாளர் கையுறை போடவும், சுற்றிப் பார்க்கவும் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் 'ஏன் நிக்கிறீங்க?' என்று சத்தம் போடாதீங்க. அவர் பாடத்தில் படித்ததைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகு இன்னொன்றும் செய்யலாம். வந்த தேதி, நேரம், இடம், வண்டி எண்ணைக் குறித்து வையுங்க. பாராட்டையோ குறையையோ 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம். நன்றி சொல்வதற்காக 108-க்கு அழைக்க வேண்டாம். அந்த நேரத்தில் வேறொருவர் அந்த லைனுக்காகக் காத்திருக்கலாம். நோயாளி பிழைக்காமல் போயிருந்தாலும், துக்கம் ஆறியபின் 'அவங்க எவ்வளவோ முயற்சி பண்ணாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. கேடயத்தைவிட அது அதிக நாள் நிற்கும்.

நீங்களும் சேரலாம்

108 மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் படிப்பு முடித்தவர்களோடு, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது பொதுவாக 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்காணல் இருக்கும். தேதியும் தகுதியும் ஒவ்வொரு அறிவிப்பிலும் மாறலாம் என்பதால் அந்தந்த அறிவிப்பைச் சரிபார்த்துக்குங்க. வேலை வாங்கித் தர்றேன்னு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முறையான படிப்புகளும் இருக்கு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை நுட்புநருக்கான ஓராண்டு சான்றிதழ் படிப்பும் உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் துறையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 'ஆம்புலன்ஸ்ல போறவங்க' என்று ஒதுக்கிவிட முடியாத, தனித் தொழிலாக இது வளர்ந்துகொண்டிருக்கிறது.

'நான் முதல் மார்க் வாங்குற ஆள் இல்லையே' என்று தயங்குறீங்களா? பரவாயில்லை. ஓடுறதுக்கு முன்னாடி சுற்றிப் பார்க்கத் தெரியுமா, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வருமா, ராத்திரி இரண்டு மணிக்கும் விடாமல் எழுதி முடிக்கப் பொறுமை இருக்கா? இந்த மூன்றும் இருந்தா விண்ணப்பத்தைப் போடுங்க. மிச்சத்தைப் பயிற்சியில் சொல்லித் தருவாங்க.